வீட்டில் வேலை, காலடியில் குழந்தை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

என் மூத்தவனுக்கு நான்கு வயது, இளையவளுக்கு ஒன்றேகால். இருவரையும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் எல்லாத் தொந்தரவுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: "கொஞ்ச நேரம் இரு கண்ணா." அது எதையும் சரிசெய்யவில்லை. குழந்தை வந்து நிற்பது பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் காரணம் வேறு என்பது பிறகுதான் பிடிபட்டது. அதனால் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: இது சரிசெய்யக்கூடிய சிக்கல்தானா?

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை விழித்திருக்கிறது, பார்த்துக்கொள்ள உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை, அதே நேரத்தில் ஆழ்ந்து யோசித்துச் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. உங்கள் நிலை இதுதான் என்றால் கீழே உள்ள எந்த வழியும் முழுதாக உதவாது. அவை இரண்டு முழுநேர வேலைகள். இரண்டையும் ஒரே மணி நேரத்துக்குள் திணிக்க முடியாததை உங்கள் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

மற்றவர்கள் மூன்று நாள் ஒரு காரியம் செய்யுங்கள். மேசையில் ஒரு தாள் வைத்து, குழந்தை உங்களிடம் வரும் ஒவ்வொரு தடவையும் மணி என்ன, எதற்காக வந்தது, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதியபோது நாள் முழுக்கத் தொந்தரவு என்ற எண்ணமே தவறு என்று தெரிந்தது. பெரும்பாலான குறிப்புகள் இரண்டு இடங்களில் குவிந்திருந்தன: நான் உட்கார்ந்த முதல் கால் மணி நேரம், அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம். இரண்டாவதைச் சரிசெய்ய எந்த உத்தியும் தேவைப்படவில்லை, சாப்பாட்டை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தினேன், போதும்.

அறிகுறி: உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே மடியில் ஏறுகிறது

எழுந்ததிலிருந்து இந்த நிமிடம் வரை, குழந்தையோடு வேறெதுவும் செய்யாமல் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கணக்குப் பாருங்கள். அவசரமாகக் குளிப்பாட்டியதும், ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு ஊட்டியதும் இதில் சேராது. பல வீடுகளில் கணக்கு பூஜ்யமாகத்தான் வரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்தது.

வேலைக்கு உட்காரும் முன் 15 நிமிடம் தரையில் உட்காருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். என்ன விளையாட்டு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும், நீங்கள் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கூட இருந்தால் போதும். அந்த 15 நிமிடம் போய்விட்டதே என்று தோன்றும். ஆனால் அது இல்லாத நாட்களில் முதல் ஒரு மணி நேரமும் துண்டு துண்டாகப் போவது என் தாளிலேயே பதிவாகியிருந்தது.

அடுத்தது, விளையாட்டிலிருந்து வேலைக்குப் போகும் அந்த நிமிடம். குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது நைசாக நழுவிவிடுவது எல்லோரும் செய்வதுதான். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஏறத்தாழ எட்டு மாதத்திலேயே, கண்ணில் படாத ஒன்றும் எங்கோ இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. பிரிவுப் பதற்றமும் அந்த வயதை ஒட்டித்தான் தலைகாட்டுகிறது. சொல்லாமல் நழுவும் அம்மாவை அடுத்த நாள் குழந்தை கண்ணை எடுக்காமல் காவல் காக்கும். தனியாக விளையாடுவது அப்புறம் எங்கே?

ஒரே சொல், ஒரே செயல் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் என் மேசை விளக்கை மூத்தவன்தான் போடுவான். விளக்கு எரிந்தால் அம்மா வேலையில் இருக்கிறாள். நான் எழுந்து வரும்போது அணைப்பதும் அவன்தான். இளையவளுக்கு விளக்கின் பொருள் இன்னும் புரியவில்லை, ஆனால் கையசைத்து வழியனுப்பக் கற்றுக்கொண்டாள்.

அறிகுறி: "அஞ்சு நிமிஷம்" என்றால் அரை நிமிடத்தில் திரும்பி வருகிறது

குழந்தை பொறுமையில்லாமல் இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. போதாததற்கு, நாம் சொல்லும் ஐந்து நிமிடம் ஒருநாள் மூன்றாக இருக்கிறது, ஒருநாள் நாற்பதாக நீள்கிறது. அளவுகோலே நம்மிடம் சரியாக இல்லை.

நேரத்தைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். மணல் கடிகாரம் அல்லது வண்ண வட்டம் குறைந்துகொண்டே வரும் டைமர் மூன்று வயதுக்கு மேல் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு பாட்டு முடியும் வரை என்று சொல்லலாம்.

இதில் எனக்குப் பெரிய மாற்றம் தந்தது ஒரு சின்ன விஷயம்: டைமர் முடிவதற்குள் நானே எழுந்து போய்விடுவேன். குழந்தை கூப்பிட்ட பிறகு போனால், கூப்பிட்டால் அம்மா வருவாள் என்று அது கற்றுக்கொள்கிறது. கூப்பிடாமல் இருக்கும்போதே போனால், காத்திருந்தால் அம்மா வருவாள் என்று கற்றுக்கொள்கிறது. இந்த இரண்டாவது பாடம்தான் நமக்கு வேண்டியது. முதல் வாரம் 5 நிமிட டைமர் வைத்து நாலாவது நிமிடமே எழுந்தேன். போய்த் தலையைத் தடவி, கட்டியிருந்ததை ஒரு தடவை பார்த்து, மறுபடி டைமர். பிறகு 7, 10, 15. மூத்தவனோடு 25 நிமிடத்தை எட்ட மூன்று வாரம் ஆயிற்று. இளையவள் 8 நிமிடத்தைத் தாண்டவே இல்லை. அந்த வயதுக்கு அது போதும்.

சொன்ன நேரத்தில் ஒரு நாள் எழ முடியவில்லை என்றால், உட்கார்ந்த இடத்திலிருந்தே "இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுக்காதீர்கள். எழுந்து போய், முகம் பார்த்து, "அம்மா சொன்னபடி வரவில்லை, இன்னொரு மணல் கடிகாரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நம் சொல்லை நம்பினால்தான் குழந்தை காத்திருக்கும்.

அறிகுறி: நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று முன்னைவிட மோசம்

முதலில் உடம்பைப் பாருங்கள். காய்ச்சல், முளைக்கும் பல், காதுவலி, முந்தைய இரவு கெட்ட தூக்கம். இதில் ஏதாவது இருந்தால் அன்றைக்குத் திட்டம் எதுவும் வேண்டாம், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்றால், புது வழக்கத்தை எப்போது தொடங்கினீர்கள் என்று பாருங்கள். இதுவரை பலன் கொடுத்துவந்த ஒரு செயல் திடீரென்று பலன் தராமல் போனால், அது அடங்குவதற்கு முன் கொஞ்ச நாள் கூடுதலாகலாம். நடத்தையியலில் இதை 'எக்ஸ்டின்க்‌ஷன் பர்ஸ்ட்' என்பார்கள். கீபோர்டைத் தட்டினால் அம்மா ஓடி வருவாள் என்று பழகிய குழந்தை, அம்மா வரவில்லை என்றதும் இன்னும் ஓங்கித் தட்டிப் பார்க்கும். வழி தவறிவிட்டது என்று நினைத்து நாம் கைவிடுவது சரியாக இந்த இடத்தில்தான். நாலாவது கத்தலுக்கு எழுந்து போனால், நாலு தடவை கத்த வேண்டும் என்பதைத்தான் நாம் சொல்லிக்கொடுத்ததாகிறது. ஒரு தடவை கிடைத்து ஒரு தடவை கிடைக்காமல் போகும் பழக்கம் எளிதில் விடாது.

எனவே கொடுக்கப் போகிறோம் என்றால் முதல் தடவை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். இல்லை என்றால் அமைதியாக, கடைசி வரை இல்லை. கைக்குழந்தைக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் அழுகைக்கு உடனே போய்விட வேண்டும்.

அறிகுறி: மீட்டிங் தொடங்கியதும் கத்தல் ஆரம்பம்

அதுவரை சத்தமில்லாமல் இருந்த குழந்தை நீங்கள் பேச ஆரம்பித்ததும் ஏன் வருகிறது? தட்டச்சு செய்யும்போது நீங்கள் பின்னணியில் இருக்கும் ஓர் உருவம். பேசும்போது உங்கள் குரலும் சிரிப்பும் உயிரோடு வெளியே வருகின்றன, ஆனால் வேறு யாருக்கோ போகின்றன. அந்தக் குரல் தனக்கு வேண்டும் என்றுதான் குழந்தை வருகிறது. இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்தது.

செய்யக்கூடியவை:

மீட்டிங்கின்போது மட்டும் வெளியே வரும் ஒரு பெட்டி வையுங்கள். ஒட்டும் படங்கள், பழைய பூட்டும் சாவியும், பெரிய துணிப் பை எதுவாக இருந்தாலும் சரி, மீட்டிங் முடிந்ததும் பெட்டி மேலே போய்விட வேண்டும். நாள் முழுக்கக் கிடைத்தால் அதற்கு மதிப்பு இருக்காது.

திரை நேரத்தைக் காலையிலேயே செலவழித்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மணி நேரம்தான் கையிருப்பு என்றால், அதைத் தவிர்க்கவே முடியாத மீட்டிங்குக்கு ஒதுக்கி வைப்பதுதான் என் வழக்கம். இளையவளுக்கு அந்த வழியும் கிடையாது. ஆகவே அவள் தூங்கும் நேரத்துக்குள் மீட்டிங் வரும்படி கேட்டு வாங்குகிறேன்.

எப்போதும் மியூட்டில் இருங்கள். ஜூம், கூகுள் மீட் இரண்டிலும் மியூட்டில் இருக்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் உங்கள் குரல் போகும்படி வைக்கலாம். விரலை எடுத்ததும் நின்றுவிடும். மியூட் எடுக்க பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும் பதற்றம் இதோடு போய்விடும்.

தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்: "வீட்டில் குழந்தை இருக்கிறது, நடுவில் அரை நிமிடம் எழுந்து போக வேண்டிவரலாம்." 2017 மார்ச்சில் ராபர்ட் கெல்லி என்ற பேராசிரியர் தென்கொரிய அரசியல் பற்றி பிபிசி தொலைக்காட்சியில் நேரலையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு மகள் நுழைந்தாள், பின்னாலேயே நடைவண்டியில் கைக்குழந்தை. உலகமே பார்த்தது, அன்போடுதான் பார்த்தது. உங்கள் ஒரு மணி நேர மீட்டிங்கில் குழந்தையின் தலை தெரிந்தால் எதுவும் இடிந்துவிடாது. முகம் சிவந்து குழந்தையைத் தள்ளிவிடுவதைவிட, மடியில் வைத்து எல்லோருக்கும் கையசைக்கச் சொன்னால் பத்து நொடியில் அதற்கு ஆர்வம் போய்விடும்.

அறிகுறி: வீடு நிறைய விளையாட்டுச் சாமான், ஆனாலும் சலிப்பு

குறையுங்கள். 18 முதல் 30 மாத வயதுக் குழந்தைகள் 36 பேரை வைத்து அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், 16 பொம்மைகள் இருந்த அறையைவிட 4 மட்டும் இருந்த அறையில் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். எங்கள் வீட்டில் நான்கைந்தை வெளியே வைத்து மீதியை மூன்று பைகளில் கட்டி மேலே போட்டேன். ஞாயிறுதோறும் ஒரு பை இறங்கும், ஒன்று ஏறும். பழைய பொம்மை புதிதாகத் திரும்பி வருகிறது.

இடமும் முக்கியம். பொம்மைகள் வேறு அறையில் இருந்தால் குழந்தை அங்கே இருக்காது. உங்கள் கண்ணில் படுகிற, ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு பாய் விரியுங்கள். மூத்தவனுக்கு என் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மேசை, அதில் கெட்டுப்போன ஒரு கீபோர்டு. அவனும் "வேலை" பார்க்கிறான்.

அறிகுறி: நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு வேலையும் முடியவில்லை

இங்கே கோளாறு குழந்தையிடம் இல்லை, வேலையை அடுக்கிய விதத்தில் இருக்கிறது. முடிக்காத ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சோஃபி லெராய் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் 2009-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் காட்டினார். 'அட்டென்ஷன் ரெசிட்யூ', கவன எச்சம் என்று அதற்குப் பெயர் வைத்தார். குழந்தை உள்ள வீட்டில் இந்தத் தாவல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று உங்கள் தாளே சொல்லும்.

வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். முழு அமைதி வேண்டியவை: எழுதுவது, கணக்குப் பார்ப்பது, முடிவெடுப்பது. அரைக் காது போதுமானவை: பதில் மெயில், படிவங்கள், கோப்புகளை ஒழுங்குபடுத்துவது. ஒரு கையால் செய்யக்கூடியவை: கேட்க மட்டும் செய்கிற மீட்டிங், படிக்க வேண்டிய குறிப்புகள். குழந்தை தூங்கியதும் பெரும்பாலும் நாம் முதலில் மெயிலைத் திறக்கிறோம். அதை மட்டும் செய்யாதீர்கள். அது அரைக் காது வேலை, விழித்திருக்கும்போதே முடியும். தூங்கும் நேரம் பொன் மாதிரி. எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பதுகூடத் தூங்கவைக்கப் போகும் முன்பே திரையில் தயாராக இருக்கட்டும்.

இன்னொன்று, குழந்தை கூப்பிட்டதும் எழும் முன் அடுத்து என்ன செய்ய இருந்தீர்கள் என்பதை ஒரு வரி எழுதிவிட்டு எழுங்கள். "மூன்றாம் பத்தி, தேதியைச் சரிபார்" என்று அரை வரி போதும். ஐந்து நொடிதான் ஆகும். திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடும் நேரம் மிச்சமாகிறது, மனமும் குழந்தையிடம் முழுதாகப் போகிறது.

பகல் தூக்கம் நின்றுவிட்டதா? ஒன்று, இரண்டு வயதில் இரவும் பகலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வயது கூடக் கூட அந்தக் கணக்கு இரவிலேயே நிரம்பிவிடுகிறது. தூங்கச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். தூங்க வேண்டாம், படுக்கையில் புத்தகங்களோடு இருந்தால் போதும் என்று சொல்லுங்கள். 20 நிமிடத்தில் தொடங்கினால் மெல்ல ஒரு மணி நேரம் வரை நீளும்.

அறிகுறி: லேப்டாப் விசித்திரமாக நடந்துகொள்கிறது

குழந்தையின் விரல் பட்டிருக்கும். 'ஸ்டிக்கி கீஸ்' என்று விண்டோஸ் ஏதோ கேட்டால், ஷிஃப்ட் விசை ஐந்து தடவை தொடர்ந்து அழுத்தப்பட்டிருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எழும் ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்தித் திரையைப் பூட்டப் பழகுங்கள். ஜிமெயில் அமைப்புகளில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 நொடியாக வையுங்கள். பாதி எழுதிய மெயிலைக் குழந்தை அனுப்பிவிட்டாலும் பிடித்துவிடலாம்.

அறிகுறி: வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது

டைப் செய்துகொண்டிருக்கும் வாக்கியத்தை முடிக்காதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.

நம் கவனம் வேறெங்கோ இருக்கும் வீட்டில் பாதுகாப்பு மற்ற யாரையும்விட நமக்குத்தான் அதிகம் தேவை. வாளியில் தண்ணீர் நிற்கக் கூடாது, சில சென்டிமீட்டர் ஆழமே சின்னக் குழந்தைக்கு ஆபத்து. ஏறினால் சாயக்கூடிய அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள். எல்லாவற்றையும்விட, ரிமோட்டிலும் பொம்மைகளிலும் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரி. தொண்டையிலோ உணவுக்குழாயிலோ சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே, அழுகையோ வலியோ வரும்வரை காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அறிகுறி: இரண்டு பெரியவர்கள் வீட்டில் இருந்தும் இருவருக்குமே வேலை நடக்கவில்லை

இருவரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் நடைமுறையில் இருவரும் பாதிக் காதோடு வேலை செய்கிறோம் என்றுதான் பொருள். மணி போட்டுப் பிரியுங்கள். எங்கள் வீட்டில் 8 முதல் 10 என் கணவர், 10 முதல் 12 நான். முறை இல்லாதவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம், அழுகை கேட்டாலும் வெளியே வர வேண்டாம். இதில் கஷ்டம் குழந்தைக்கு அல்ல, கதவுக்குப் பின்னால் இருப்பவருக்குத்தான். முதல் வாரம் நான் மூன்று தடவை ஓடி வந்தேன். நான் வந்ததும் அழுகை கூடியதே தவிர குறையவில்லை. அப்பாவிடம் ஆறுதல் தேடிக்கொண்டிருந்த குழந்தையை நான்தான் கலைத்தேன்.

அறிகுறி: சாயங்காலம் ஆனால் கத்திவிடுகிறேன்

வேலை நேரத்தில் குழந்தையையும், குழந்தை நேரத்தில் வேலையையும் நினைத்துக்கொண்டே இருந்தால் மாலைக்குள் வடிந்துவிடுவோம். வேலை முடியும் நேரத்தை ஒரு செயலால் மூடுங்கள்: லேப்டாப்பை மூடி அலமாரியில் வைப்பது, முகம் கழுவி உடை மாற்றுவது. கத்திவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு "அம்மா கத்தினது தப்பு, உன்மேல் கோபம் இல்லை" என்பது நன்றாகவே புரியும்.

கை மீறும் அளவுக்குக் கோபம் வந்தால், குழந்தையைத் தொட்டில் மாதிரிப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு அடுத்த அறையில் சில நிமிடம் நில்லுங்கள், யாரையாவது போனில் கூப்பிடுங்கள். அது குழந்தையைக் கைவிடுவது ஆகாது. கைக்குழந்தையை ஒருபோதும் உலுக்கக் கூடாது. இப்படி அடிக்கடி நடந்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்து பார்த்தாயிற்று, எதுவும் நடக்கவில்லை

அப்படியானால் மாற்ற வேண்டியது குழந்தையும் நீங்களும் அல்ல, நேர ஏற்பாடு. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது இன்னொரு கை வேண்டும்: உறவினர், சம்பளத்துக்கு ஒருவர், இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு முறை மாற்றி. அது கிடைக்காதபோது மேலாளரிடம் பேசத்தான் வேண்டும். "வீட்டில் கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மணிக்கணக்கோடு எழுதுங்கள். நான் எழுதியது இது:

"காலை 6 முதல் 8 வரையும், மதியம் 1 முதல் 3 வரையும், இரவு 8 முதல் 9.30 வரையும் முழுக் கவனத்தோடு இருப்பேன். மீட்டிங்குகளை 1 முதல் 3-க்குள் வைத்தால் தடங்கல் இருக்காது. 10 முதல் 12 வரை செய்திகளுக்குப் பதில் வர ஒரு மணி நேரம் ஆகலாம். அவசரம் என்றால் போன் செய்யுங்கள்."

அனுப்புவதற்கு முன் அந்த நேரங்களை ஒரு வாரம் நீங்களே நடத்திப் பாருங்கள். நான் முதலில் காலை 5 மணி என்று போட்டிருந்தேன். விளக்கு வெளிச்சத்துக்கு இளையவளும் எழுந்துவிட்டாள், மூன்றாம் நாளே அதை அடித்துவிட்டு 6 என்று திருத்தினேன். அது இன்றுவரை நிற்கிறது.